காளிக்கு வாரத்தில் இரண்டு நாள் ட்யூட்டி

பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்குத் திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பு. விசேஷ நாளை விட்டால் மற்ற நாளில் பூட்டிய கதவைக் கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கோவிலிலேயே அரிசி இடித்து மாவிளக்கு போடுகிற சனம் இதற்காக ஆத்தாளைக் கோபித்துக்கொண்டதில்லை. விவரமான தெய்வம், டாக்டருக்குப் படிக்காமல் விட்டாள்.

படித்திருந்தால் தெரிந்திருக்கும். பி.ஜி. (முதுநிலை) படிக்கும் டாக்டரிடம் வாரம் 48 மணி நேரம், ஒரு மூச்சில் 12 மணி நேரம், அதற்கு மேல் வேலை வாங்காதே என்று மத்திய அரசு சொன்னது 1992இல். முப்பது வருஷம் போனபின், 2024இல், தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு மனமிரங்கி 74 மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றது. 48 எப்படி 74 ஆனது என்று கேட்டுவிடாதீர்கள். இது சலுகையாம்! அந்தக் குழு கேட்டறிந்த 5,337 பி.ஜி.க்களில் நூற்றுக்கு 31 பேர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள். ஐந்தாண்டில் உயிரை மாய்த்துக்கொண்ட மருத்துவ மாணவர்கள் 122 பேர் என்பது ஆணையமே தகவல் உரிமைச் சட்டத்தில் கொடுத்த கணக்கு.

டாக்டர்களைக் கண்காணிக்க நம்மிடம் திட்டம் இல்லையென்று யார் சொன்னது? 2025 மே முதல் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்கள் வளாகத்தில் நின்று செல்போனுக்கு முகம் காட்டுகிறார்கள். அந்த முகம் மூன்று ராத்திரி தூங்கவில்லை என்பது செயலிக்குத் தெரியாது. நோயாளிக்குப் போட்டது போக ஆம்பூலில் மிஞ்சிய பென்டனில் என்ற வலிமருந்தைக் கழிவறைக்குள் தனக்கே ஏற்றிக்கொண்டு வரும் மயக்க மருத்துவர் காட்டினாலும் அதற்கு அது வருகைதான்.

'நோயுற்ற மருத்துவர்' உண்டு என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 1973இலேயே ஒப்புக்கொண்டது. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் திட்டம்: சிகிச்சை எடு, சொல்லாமல் கொள்ளாமல் கேட்கும்போது சிறுநீர் கொடு, ஐந்து வருஷம் கண்ணில் படு, உரிமத்தைக் காப்பாற்றிக்கொள். போதையில் விழுந்த 904 மருத்துவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2008இல் வந்தது. ஐந்தாண்டு கழித்து, விவரம் கிடைத்தவர்களில் நூற்றுக்கு 79 பேர் உரிமத்தோடு வேலையில் இருந்தார்கள்.

நம் ஆணையத்திடம் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. நம்மிடம் இருப்பது இரண்டு வைத்தியம். முதலாவது, குடித்திருக்கும் டாக்டரைக் காப்பாற்ற "சாருக்கு உடம்பு சரியில்லை" என்று ஓ.பி. வாசலில் நர்ஸ் சொல்லும் பொய். வருஷக்கணக்கில் ஓடும். அது தீர்ந்தால் இரண்டாவது: வாட்ஸ்அப் வீடியோ, சஸ்பெண்ட் ஆர்டர். குடித்தவரை வேலையை விட்டு நிறுத்தும் அதே தமிழக அரசு, 2024-25இல் டாஸ்மாக்கில் 48,344 கோடி ரூபாய் வருவாய் பார்த்தது.

அரசு ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறதே என்பீர்கள். பெரம்பலூர் டாக்டர் அதன் வாசலில் டோக்கனோடு உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்குச் சேதி போய்விடும். அதனால் தன் சீட்டைத் தானே எழுதிக்கொள்கிறார். நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது 2017 மனநலச் சட்டம். டாக்டரும் நோயாளி ஆவார் என்று இங்கே யார் ஒப்புக்கொண்டார்கள்?

உரிமம் தரவும் பறிக்கவும் ஆள் வைத்திருக்கிறவர்கள், நடுவில் கைகொடுக்க ஓர் அறையும் ஒரு நாற்காலியும் போடவில்லை. அந்த 122 பேருக்கும் இவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இதைப் படிக்கும் டாக்டர் யாரேனும் தனியே தவித்துக்கொண்டிருந்தால்: டெலி மானஸ், 14416. காசில்லை, இரவு பகல் எப்போதும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.