தாங்காத செர்வர் வாங்குவது எப்படி?

திருவனந்தபுரத்தில் ஏதோ ஒரு கட்டடத்துக்கு சிசிடிவி போடும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்துவிட்டதா? பயப்படாதீர்கள். போன வருடத்துக் கொட்டேஷன் ஒன்றைத் தேடி எடுங்கள். அதில் 64 கேமரா என்று இருந்தால் 100 என்று திருத்துங்கள். செர்வர் அதேதான். தேதியையும் மாற்றுங்கள், பலர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கணக்குப் போட்டே தீருவேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு: ஒரு கேமரா விநாடிக்கு 4 மெகாபிட் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டால் வகுத்தால் அரை மெகாபைட். ஒரு நாளைக்கு 86,400 விநாடி, ஆக 43.2 ஜிபி. முப்பது நாளுக்கு ஏறக்குறைய 1.3 டிபி, நூறு கேமராவுக்கு 130 டிபி. இதை அப்படியே சொன்னால் முதலாளிக்கு முகம் கறுத்துவிடும். பிட்ரேட்டை 2 என்று போடுங்கள், செலவு பாதியாகிவிடும். ஓரத்தில் ‘எச்.265’ என்று சுருக்கும் முறையின் பெயரை எழுதிவைத்தால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். 10 டிபி என்று வாங்கிய டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் 9.09 என்று காட்டும். டிஸ்க் செத்தாலும் பதிவு தப்பிக்கட்டும் என்று ரெய்டு 6 போட்டால் மொத்தத்தில் இரண்டு டிஸ்க் காணாமல் போகும். இதெல்லாம் கணக்கில் சேர்த்தால் மனசுக்குத்தான் கஷ்டம்.

அடுத்தது சோதனை. ஏசி அறையில் ஒரு வெள்ளைச் சுவரைப் பார்த்துக் கேமராவை வையுங்கள். காட்சியில் மாறியதை மட்டும் அனுப்பிப் பழகிய கருவி அது. சுவர் எங்கே மாறப்போகிறது? பத்து நிமிடம் ஓடவிட்டு, செர்வரின் பாரத்தைக் காட்டும் பச்சைக் கோடு தரையோடு படுத்திருக்கும்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் யாரும் பழைய பதிவைத் திறந்து பார்த்துவிடாதபடி கதவருகே ஆள் நிறுத்துங்கள்.

ஆனால் இடவப்பாதிப் பருவமழை உங்கள் சோதனை அறிக்கையைப் படித்திருக்காது. ராத்திரி மழையில் ஒவ்வொரு துளியும் கேமராவுக்குப் புதுச் செய்தி. இருட்டில் படம் புள்ளி புள்ளியாகக் கொதிக்கும், அந்தப் புள்ளிகளையும் அது பத்திரமாக அனுப்பிவைக்கும். கும்ப மாதத்தில் ஆற்றுகால் கோயிலின் பொங்கலைத் திருவிழா. 2009-இல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸில் ஏறிய கூட்டம்; அடுப்புகள் கோயிலை விட்டுத் தெருத்தெருவாகப் பரவும். உங்கள் கேமரா தெருவைப் பார்த்திருந்தால் புகை, தீ, தலைகள் என்று திரையில் அசையாத இடமே இருக்காது. பிட்ரேட்டுக்கு உச்சவரம்பு வைத்துவிடுங்கள். கேமரா சொன்ன பேச்சுக் கேட்கும்; முகங்கள் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரியும்.

மழையைவிடப் பெரிய எதிரி சிலந்தி. கேமராவின் பக்கம் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவில் ஒரு கிடங்கு; அசைவு இருந்தால் மட்டும் பதியும்படி வைத்திருந்தோம். ஒரு நூலிழை காற்றில் ஆட, விடிய விடியப் பதிவு. காவல்காரர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். “அண்ணாச்சி, ராத்திரி பூரா ஒரே ஆளுதான் வந்துட்டு வந்துட்டுப் போறான், எட்டுக் காலு” என்றார். அன்றைக்கே மூங்கில் கழியில் ஈர்க்குமாறு கட்டி வாரம் ஒருமுறை துடைக்கத் தொடங்கினார். இத்தனை வருடத்தில் செர்வரின் பாரத்தை நிஜமாகவே குறைத்த ஒரே கருவி அந்த ஈர்க்குமாறுதான்.

அரசாங்கத்தைப் பார்த்துக் கெட்டுப்போகாதீர்கள். சேஃப் கேரளா திட்டத்தில், சாலை விதி மீறுபவர்களைப் பிடிக்கும் 726 கேமராக்களை 2023 ஏப்ரல் 20-இல் தொடங்கிவைத்தார்கள். அபராதமோ ஜூன் 5 முதல்தான். மக்கள் பழகிக்கொள்ள ஒன்றரை மாதம். உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகாது, ஆகவும் கூடாது. ஏனென்றால் செர்வரின் நிஜமான சோதனை 31-ஆம் நாளில் தொடங்குகிறது. அதுவரை காலி டிஸ்க்கில் எழுதிக்கொண்டே போனது, அன்று முதல் பழையதை அழித்துக்கொண்டே புதியதை எழுத வேண்டும். நடுவில் யாராவது தேடவும் செய்வார்கள். டிஸ்க் ஒன்று செத்துவிட்டால், புதியதை மாட்டி அதை நிரப்பும் வேலையும் சேரும். எனவே முழுப் பணமும் 30 நாளுக்குள் தர வேண்டும் என்று கொட்டேஷனிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இந்த வழிகாட்டியில் விளையாட்டில்லாத வரி இது ஒன்றுதான்.

அந்தச் சிலந்திக் கிடங்கின் கொட்டேஷனில் இந்த வரியை எழுத நான் மறந்தேன். இரண்டாம் மாதம், மழை ராத்திரி, மாற்றிய டிஸ்க் இன்னும் நிரம்பி முடியவில்லை. வாசலில் நின்ற சைக்கிளைக் காணோம். முதலாளி, அவர் தம்பி, காவல்காரர், நான் நால்வரும் திரையைச் சுற்றி நின்றோம். 2.11-க்கு சைக்கிள் இருக்கிறது. அடுத்த படம் 2.19. சிலந்தி அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, சைக்கிள் இல்லை.

“அவனக் கேட்டாத் தெரியும்” என்று திரையைக் காட்டினார் காவல்காரர்.