வயர் மாமா

பெங்களூரில் ஐம்பது வீட்டுக்கு மேல் உள்ள எந்த அபார்ட்மெண்டிலும் ஒரு வயர் மாமா இருப்பார். பெரும்பாலும் பி.இ.எல்., எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. மூன்றில் ஏதோ ஒன்றிலிருந்து ரிட்டையர் ஆனவர். ரேடாருக்கும் விமானத்துக்கும் டெலிபோனுக்கும் செலவழித்த அறிவை இப்போது பிறந்தநாள் ஸ்லைடு ஷோவுக்குச் செலவழிக்கிறார். கிளப் ஹவுஸில் யாராவது லேப்டாப்பையும் புரொஜெக்டரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு விழித்தால் போதும், அடுத்த லிஃப்டில் மாமா இறங்கிவிடுவார்.

கையில் ஒரு தாம்பூலப் பை. யாருடைய கல்யாணத்திலோ தேங்காயோடு வந்தது. மணமக்கள் பெயர் பாதி அழிந்துவிட்டது. உள்ளே ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டிய வயர்கள். நீலத் தலை வி.ஜி.ஏ., வெள்ளைத் தலை டி.வி.ஐ., மூன்று நீளங்களில் எச்.டி.எம்.ஐ., ஒன்றை இன்னொன்றாக்கும் கன்வர்ட்டர்கள். எல்லாம் எஸ்.பி. ரோட்டில் கன்னடத்தில் ஆரம்பித்து, இந்தியில் பேரம் பேசி, தமிழில் முடித்து வாங்கியவை. டவுன் ஹால் பக்கம் ஒரு வேலை என்று மாமா கிளம்பினாலே மாமிக்குத் தெரியும், சொன்ன கொத்தமல்லி வராது. “லாஃப்ட்ல இருக்கிறதையே பழைய பேப்பர்காரன் எடுத்துக்க மாட்டேங்கறான்” என்பார். “என்னிக்காவது ஒருநாள் தேவைப்படும்டி” என்பது மாமாவின் பதில். அந்த ஒருநாள் அடிக்கடி வந்துவிடுவதுதான் மாமியின் துரதிர்ஷ்டம்.

மாமாவிடம் யாரும் வரலாறு கேட்பதில்லை. அதனால் என்ன, குனிந்து வயர் சொருகும்போதே ஆரம்பித்துவிடுவார். வி.ஜி.ஏ. 1987-இல் ஐ.பி.எம். கொண்டுவந்தது, 15 பின். டி.வி.ஐ. 1999. எச்.டி.எம்.ஐ. 2002, 19 பின். டிஸ்ப்ளேபோர்ட் 2006, 20 பின். யு.எஸ்.பி.-சி 2014, 24 பின். “பின் ஏற ஏற பிரச்சினையும் ஏறும்” என்று முடித்து நிமிர்வார். எதிரே நிற்கும் இளைஞர் அவுட்டர் ரிங் ரோடில் கிளவுட் ஆர்க்கிடெக்டாக இருப்பவர். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “அங்கிள், இதுல ஒரு பின் உடைஞ்சிருக்கே” என்று வி.ஜி.ஏ. வயரைக் காட்டுவார். மாமா இதற்காகத்தான் காத்திருந்தார். “அது ஒன்பதாவது பின். நிறைய வயர்ல கம்பெனியிலேயே வைக்க மாட்டான். நீங்க எந்தக் கம்பெனின்னு சொன்னீங்க?”

மாமாவுக்கு ஸ்கிரீனைப் பார்த்தாலே நோய் தெரியும். ஒரு வளைகாப்பில் போட்டோக்கள் ஓடின. மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார், ஊட்டி ஏரி, ஊட்டிக் குதிரை என்று எல்லாமே நலங்கு வைத்து உட்கார்ந்ததுபோல் மஞ்சளாகத் தெரிந்தன. மங்களகரமாக இருக்கிறது என்று பாட்டிகள் பேசாமல் இருந்தார்கள். மாமா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்: “ப்ளூ போயிடுச்சு. மூணாவது பின்னப் பாருங்க.” கழற்றிப் பார்த்தால் மூன்றாவது பின் மடங்கிக் கிடந்தது. மாமியின் வளையலிலிருந்து ஊக்கை வாங்கி நிமிர்த்தினார். குதிரை வெள்ளையானது.

எச்.டி.எம்.ஐ. வந்த பிறகு இந்த வைத்தியம் செல்லாது. நிறம் மாறி நோய் காட்டும் பழக்கம் அதற்கு இல்லை. வந்தால் வரும், இல்லையென்றால் ‘நோ சிக்னல்’. மாமா அசரவில்லை. “கம்ப்யூட்டர் ஸ்கிரீனைப் பார்த்து, நீ யாரு, என்ன சைஸுன்னு கேக்குது. இது வாயத் திறக்கல. மொதல்ல இத ஆன் பண்ணுங்க, அப்புறமா அதச் சொருகுங்க” என்பார். பாதி நேரம் பலிக்கும். மீதிப் பாதி, விண்டோஸ் பட்டனோடு பி-யை அழுத்தச் சொல்வார். மருமகள் ஆபீஸ் மீட்டிங் அறையிலிருந்து ரகசியக் குரலில் போன் செய்தாலும் இதே மருந்துதான். யு.எஸ்.பி.-சி மட்டும் அவருக்குப் பிடிக்காத பிள்ளை. ஓட்டை ஒன்றுதான், ஒரு லேப்டாப்பில் அதன் வழியாகப் படம் போகும், இன்னொன்றில் சார்ஜ் மட்டும்தான் ஏறும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. “யோக்கியமான வயர்னா மூஞ்சிலயே தெரியணும்” என்பது அவர் கட்சி. வயரே இல்லாமல் போனிலிருந்து படம் அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே பையை மடியில் வைத்து உட்கார்ந்துவிடுவார். கிளப் ஹவுஸ் வைஃபை அவரைக் கைவிட்டதே இல்லை.

ஆர்.சி.பி. மேட்ச் நாளில் மாமாவின் புகழ் உச்சிக்குப் போகும். 2025-இல் கோப்பை கைக்கு வரும்வரை ஆண்டுதோறும் “ஈ சலா கப் நம்தே”, இந்தத் தடவை கப் நமதே என்று நம்பிய ஊர் இது; நம்பிக்கையைப் பெரிய திரையில் பார்க்க ஆசைப்படாதா? “ஸ்வல்ப பேக பன்னி சார்”, கொஞ்சம் சீக்கிரம் வாங்க என்று செக்ரட்டரி போன் வரும். லேப்டாப்பில் மேட்ச் ஓடுகிறது. திரையில் கும்மிருட்டு, ஸ்பீக்கரில் கூட்டத்தின் ஆரவாரம். “காப்பி பாதுகாப்பு” என்பார் மாமா. “படம் பூட்டி வருது. எச்.டி.எம்.ஐ.-ய வி.ஜி.ஏ.-வா மாத்தினோம் இல்ல, இந்தப் பக்கம் திறக்க ஆள் இல்ல.” ஏன், எதற்கு என்று விளக்குவதற்குள் பவர்ப்ளே முடிந்துவிடும். பிள்ளைகள் மொபைலுக்குப் போய்விடுவார்கள்.

மாமா பையின் அடியில் கைவிடுவார். மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்று தலை வயர். 1930-களில் ரேடியோவும் கிராமபோனும் சேர்ந்த பெட்டிக்காக அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனி செய்த சொருகியின் வாரிசு. செக்யூரிட்டி அறையிலிருந்து செட்-டாப் பாக்ஸ் வரும், டிஷ் வயர் ஜன்னல் வழியாக நீளும். மஞ்சளை புரொஜெக்டருக்கும் மற்ற இரண்டை ஸ்பீக்கருக்கும் கொடுத்ததும் திரையில் பச்சையாக ஏதோ விரியும், அதில் சிவப்பாகச் சிலர் ஓடுவார்கள். யார் கோலி என்று தெரியாது. ஆனாலும் கைதட்டல் தூள் பறக்கும். நாற்காலி போடுவார்கள், காபி கொடுப்பார்கள்.

மாமா உட்கார மாட்டார். படம் வந்த இடத்தில் அவருக்கு என்ன வேலை? கடைசி ஓவர், நாலு பந்தில் ஒன்பது ரன், ஹால் முழுக்க மூச்சுவிடாமல் இருக்கும்போது புரொஜெக்டருக்குப் பின்னாலிருந்து குரல் வரும்: “ஒரே நிமிஷம். இன்னொரு வயர் இருக்கு, போட்டா ஸ்கோர் எழுத்து ஷார்ப்பா தெரியும்.” செக்ரட்டரி நாற்காலிகளைத் தாண்டிப் பாய்வதற்குள் மஞ்சள் தலை அவர் கையில் இருக்கும்.