குடும்பத் தலைவர் சரியாக இருக்கிறார்

ஆதார், பான், பாலிசி எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டுமே என்று வீட்டுக்காக ஒரு படிவம் எழுதினேன். யாரும் கேட்கவில்லை. வேலையும் பிளேசரில் வலைநிரல் எழுதுவது, பொழுதுபோக்கும் அதுவே என்று வாழும் ஆள் வேறென்ன செய்வான்? ‘குடும்பம்’ என்றொரு மாடல், அதற்குள் உறுப்பினர்கள், ஒவ்வொருவருக்குள்ளும் பாலிசிகள், பாலிசிக்குள் நாமினி. ஆதாரின் கடைசி இலக்கம் மற்ற 11 இலக்கங்களைச் சோதிக்கும் வெர்ஹோஃப் கணக்கு; அதையும் விடவில்லை.

மனைவி பையனின் ஆதாரில் ஓர் இலக்கத்தை விட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனாள். உடனே சிவப்பெழுத்து. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் அதைச் சட்டை செய்யாமல் ‘சேமி’யை அழுத்தினாள். சிவப்பு மறைந்தது. ‘சேமிக்கப்பட்டது’ என்று பச்சையில் வந்தது.

“ஒரு அதட்டு அதட்டினா அடங்கிடுதுங்க. உங்களை மாதிரியேதான் இருக்கு.”

விஷயம் இதுதான். கட்டத்தை விட்டு நகரும்போது அந்தக் கட்டம் மட்டும் சோதிக்கப்படும். ‘சேமி’ என்றதும் பிளேசரின் டேட்டா அனோட்டேஷன்ஸ் வேலிடேட்டர் பழைய செய்திகளைத் துடைத்துவிட்டு, மேல்மட்டத்தை மட்டும் பார்க்கும். தலைவர் பெயர் இருக்கிறதா? தொலைபேசி? உறுப்பினர் பட்டியல் என்று ஒன்று இருக்கிறதா? போதும், உள்ளே எட்டிப் பார்க்காது. ‘ரிக்வயர்ட்’ போட்டாலும் பொருள் காலி இல்லை என்பதோடு திருப்தி. தெருமுனையில் யாராவது விசாரித்தால், சமையலறைப் பக்கமே போகாமல் “எல்லாரும் சௌக்கியம்” என்று நான் சொல்வதில்லையா, அதே ஜாதி.

2025 நவம்பரில் வந்த டாட் நெட் 10 இதற்கு வழி செய்திருக்கிறது. தொடக்கத்தில் ‘ஆட் வேலிடேஷன்’ என்று ஒரு வரி, உச்சி மாடலின் தலையில் ‘வேலிடேட்டபிள் டைப்’ முத்திரை. மாடலை மட்டும் ரேஸர் கோப்பில் வைக்காமல் தனி சி ஷார்ப் கோப்பில் வைக்கவேண்டும். செய்தேன். படிவம் கல்யாண வீட்டுக் கோலம்போலச் சிவந்தது. அம்மாவின் பிறந்த தேதி இல்லை. மாமனாருக்குக் குடும்பப் பெயர் இல்லை, ‘மு.’ என்ற இனிஷியலை வைத்துக்கொண்டு எழுபது வருஷம் ஓட்டிவிட்டவர் அவர். அந்த விதியை நானே தூக்கினேன்.

மிச்சமிருந்தது என் பாலிசியின் நாமினி. மனைவி பீரோவிலிருந்து பத்திரத்தை எடுத்துவந்து பார்த்து நிதானமாக அடித்தாள். உறவு: அக்கா. கல்யாணத்துக்கு முன் எடுத்த பாலிசி. பி.எஃப்-இல் கல்யாணத்தோடு பழைய நாமினி செல்லாமல் போய்விடும். ஆயுள் காப்பீட்டில் நாமாக மாற்றும்வரை பழைய பெயர்தான்.

‘சேமி’யை அழுத்தினாள். எல்லா மட்டமும் பச்சை.

“இதுக்குச் சிவப்பு வராதாங்க?”