அம்மாவின் அச்சத்துக்கு என்ன பதில்?

கேள்வி: வெளிநாட்டில் மூன்று மாத இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. அப்பாவும் அம்மாவும் சம்மதிக்கவில்லை. என்ன செய்யலாம்?
– கல்லூரி மாணவி, மந்திர் மார்க், புது தில்லி

பதில்: விடை உங்கள் தெருவிலேயே இருக்கிறது. அங்குள்ள லட்சுமிநாராயணர் கோயிலை, எல்லாச் சாதியினரையும் அனுமதிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 1939-ல் திறந்துவைத்த காந்தி, 1888-ல் லண்டன் போக அம்மாவின் சம்மதத்துக்காகக் காத்திருந்த பிள்ளைதான். அம்மா புத்லிபாய்க்குப் படிப்பின்மேல் வெறுப்பில்லை. மது, மாமிசம், பெண் தொடர்பு என்ற மூன்றின்மேல்தான் அச்சம். பேச்சர்ஜி சுவாமி என்ற சமணத் துறவியின் முன்னிலையில், மூன்றையும் தொடுவதில்லை என்று மகன் சத்தியம் செய்தார். அம்மா வழிவிட்டார். பொத்தாம்பொதுவான தைரியம் அங்கே எடுபடவில்லை; அச்சத்துக்கு நேரான வாக்குறுதிதான் எடுபட்டது.

"அது அந்தக் காலம், அதிலும் அவர் ஆண்பிள்ளை" என்பார்கள். உண்மைதான்; அதனால் உங்கள் சத்தியம் காகிதத்தில் இருக்கட்டும். நிறுவனத்தின் கடிதம், தங்குமிட முகவரி, காப்பீடு, திரும்பும் டிக்கெட், மேற்பார்வையாளரின் தொலைபேசி எண், செலவுக் கணக்கு எல்லாவற்றையும் முன்னால் வையுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) இணையதளத்தில் பதிந்துகொள்ளுங்கள். நிறுவனம் கடிதம் தர மறுத்தாலோ, முன்பணம் கேட்டாலோ, பெற்றோர் சொல்வதே சரி; போகாதீர்கள். பிடிவாதம் கதவைத் தட்டத்தான் செய்யும், விவரம்தான் திறக்கும்.