செயின் வீல் சொல்லும் சாட்சி

கேள்வி: தாத்தா காலத்துச் சைக்கிள்; முகப்புத் தகடு விழுந்துவிட்டது. எந்தக் கம்பெனி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், காரைக்குடி

பதில்: முகம் போனால் போகட்டும், செயின் வீலைப் பாருங்கள். நாரைத் தலைகள் இருந்தால் நாட்டிங்ஹாம் ராலே. வட்டமாக ஐந்து மனித உருவங்கள் இருந்தால் ஹம்பர். கூடவே முன் ஃபோர்க்கின் ஒவ்வொரு காலும் இரட்டைக் குழாய் என்றால் பேச்சே இல்லை. ‘பி.எஸ்.ஏ.’ எழுத்துகளைக் கண்டதும் மட்டும் துள்ளாதீர்கள். துப்பாக்கி செய்த அந்த பர்மிங்ஹாம் கம்பெனி, தன் பாகங்களை மற்ற சைக்கிள்காரர்களுக்கும் விற்றது. இரவல் நகையைப் பார்த்துக் குலம் கோத்திரம் சொல்ல முடியுமா? பின்சக்கரத்தில் ஸ்டர்மி-ஆர்ச்சர் கியர் ஹப் இருந்தால், அதில் பொறித்த ‘52’ பெரும்பாலும் 1952. ஆனால் அது ஹப்புக்குத்தான் வயது, சைக்கிளுக்கு அல்ல! மூன்று பாகமாவது ஒரே சாட்சி சொன்ன பிறகு பெயர் வையுங்கள். அதுவரை பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்.