ஓசியில சொன்னா ஏறுமாலே?

ஏலே, இங்கன வா. கையில என்னது பொட்டி? ஆச்சிக்கு முட்டுவலின்னு போன்ல பாத்து வரவழைச்ச தைலமா? எம்புட்டு? ரெண்டாயிரமா! ஆச்சி முட்டுல தேய்க்கதுக்கு முன்னாடி அவன் உன் தலையிலல்லா தேச்சிருக்கான்.

மக்களைத் தேடி மருத்துவம்னு நம்ம தெருவுக்கு ஒரு பிள்ளை பையைத் தூக்கிட்டு வருதே, பாத்திருக்கியா? 2021 ஆகஸ்ட் 5-ல கிருஷ்ணகிரிப் பக்கம் சாமனப்பள்ளியில தொடங்கி வச்ச திட்டம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருது. எந்திரிச்சு நடக்க முடியாதவியளுக்குப் பிசியோதெரபி பாக்க ஆளு வருது. 2024-ல ஐ.நா. விருது கூட வாங்கியாச்சு. நியூயார்க்குக்குத் தெரிஞ்சது நம்ம தெருவுக்குத் தெரியல.

முட்டுவலிக்கு அந்தப் பிள்ளை என்ன சொல்லிச்சு? நாற்காலியில உக்காருங்க, காலை நேரா நீட்டுங்க, பத்து எண்ணுங்க, எறக்குங்க. அம்புட்டுதான். தெருவே மூஞ்சியச் சுளிச்சுது. ஊசி இல்லியா? கலர் மாத்திரை இல்லியா? துட்டு வாங்காம சொன்னா அது வைத்தியமாலே?

முட்டைத் தாங்குதது தொடைச் சதை. அது வத்திப் போச்சுன்னா பாரம் பூராவும் முட்டு மேலதான் எறங்கும். இதுக்கு என்ன பெரிய படிப்பு வேணும்? டென்மார்க்குல 2013-லயிருந்து கிளாட்னு பேரு வச்சு இதைத்தான் செய்யச் சொல்லுதாவ. ரெண்டு மூணு வகுப்பு, பொறவு ஆறு வாரம், வாரத்துக்கு ரெண்டு தடவை உடற்பயிற்சி. வெள்ளைக்காரன் சொல்லிட்டாம்லா, இப்பமாவது கேப்பியா?

பொறவு உடம்பு எடை. ஒரு கிலோ கொறைஞ்சா, எடுத்து வைக்க ஒவ்வொரு அடிக்கும் முட்டுல நாலு கிலோ பாரம் கொறையுதாம். நம்மூர் நரசிம்மரு பதினாறு கையோட இரணியனை மடியில போட்டுக்கிட்டு இருக்காரு. அவரு சாமி, தாங்குவாரு. நீ பிரானூர் பார்டர் புரோட்டாவை வயித்துல ஏத்திக்கிட்டு அலையுத. உன் முட்டு என்ன பாவம் பண்ணுச்சு? கையில பத்தாயிரம் அடி எண்ணுத வாட்ச் வேற. தெருமுக்குக் கடைக்குப் போக பைக்.

குத்தாலத்துல சாரல் விழுந்தா போதும், எண்ணெயைத் தேச்சு, அருவியில நின்னு, சீக்கு பூராவும் தண்ணியோட போச்சும்பான். குளிச்சா சொகமாத்தான் இருக்கும், நானும் குளிப்பேன். தேஞ்ச முட்டு அருவியில முளைக்குமா?

இன்னொருத்தன் சந்தையில பொடி விப்பான். மூணே நாள்ல ஆச்சி ஓடுவா. ஸ்டீராய்டைக் கலந்து கொடுத்தா ஓடத்தான செய்வா! பொறவு மூஞ்சி உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பொடியும். பொடின்னு சும்மாவா பேரு வச்சான்? குளுக்கோசமின் மாத்திரை தின்னா முட்டு வளரும்பான் மருந்துக்கடைக்காரன். 2006-ல அமெரிக்காவுல 1,583 பேரை வச்சுச் சோதிச்சாவ. மொத்தத்துல மருந்தே இல்லாத வெறும் மாத்திரையை விட ஒசத்தியில்லன்னு முடிவாச்சு.

முத்திப்போன முட்டுக்கு ஆபரேஷன் வேணுந்தான், நான் மறுக்கல. ஆனா கணக்கைக் கேளு. 2017 ஆகஸ்ட்ல மாத்து முட்டுக்கு அரசாங்கம் விலை வரம்பு போட்டுச்சு. சராசரியா 1,58,324 ரூவாய்க்கு வித்த ஒரு வகைச் சாமான், வரி போக 54,720 ஆயிட்டு. அந்த லட்ச ரூவா அதுவரைக்கும் எவன் முட்டைலே தாங்கிட்டு நின்னுச்சு?

ஒண்ணு மட்டும் வெளையாட்டில்ல. காலையில ரெண்டு கை வெரலும் வீங்கி, ஒரு மணி நேரமாகியும் மடக்க முடியலன்னா அது தேய்மானமா இருக்காது, வேற சீக்கா இருக்கலாம். தைலம் தேச்சு நாளைக் கடத்தாத. தென்காசி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ.

ஆஸ்பத்திரியில முட்டுவலிக்குச் சுவரொட்டி எழுதி ஒட்டுதவியளையும் கொஞ்சம் கேக்கணும். தரையில சம்மணம் போட்டு உக்காராதீங்கன்னு போட்டிருக்காவ. சரிதான். பாவூர்சத்திரத்துலயிருந்து இங்கன வரைக்கும் வீட்டுத் திண்ணையில தட்டை மடியில வச்சு பீடி சுத்துத பொம்பளைய எங்க உக்காருவாவ? கூலி ஆயிரம் பீடிக்குத்தான், முட்டு வலிச்சா யாரும் கூட்டித் தருவானா? உலகத்துல 2019-ல 52 கோடி சனத்துக்கு மேல மூட்டுத் தேய்மானமாம். அதுல நூத்துக்கு அறுவது பொம்பளையளாம். உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அவிய குளுகுளு அறையில எண்ணிச் சொன்னதை, நம்ம தெருவுல நடந்தாலே நான் சொல்லியிருப்பேன்.

உன் ஆச்சியும் பீடித் தட்டை ஒரு ஸ்டூல் மேல வச்சு, நாற்காலியில உக்காந்து சுத்திப் பாக்கலாம். கை பழக நாளாகும், பைய வரும். அதுவரைக்கும் மணிக்கு ஒருதரமாவது ஆச்சியை எந்திரிச்சு நடக்கச் சொல்லு. கணக்கு கொறையுமேன்னு கத்துவா. கத்தட்டும்.

தைலத்தைத் திருப்பி அனுப்ப முடியுமான்னு பாரு. அந்தத் துட்டுல கைப்பிடி வச்ச நல்ல நாற்காலியா ஒண்ணு வாங்கு. ஆச்சி காலை நீட்டி மடக்கி, தெருக்கோடி வரைக்கும் நடந்து வர அரை மணி நேரம் ஆவும்லா, அதுவரைக்கும் தட்டை நீ மடியில வாங்கு. எத்தனை பீடி சுத்துதன்னு நானும் பாக்கேன்.