பட்ஜெட்டில் பிள்ளைக்கு ஒதுக்கியது பூஜ்ஜியம்

முதல் பிள்ளைக்கு அப்பாவாகப் போகிறவன் எப்படிப் பட்ஜெட் போட வேண்டும் என்று யூடியூபில் ஆளாளுக்கு வகுப்பெடுக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் அழகர்கோவில் பக்கம் சொந்தபந்தம் இல்லை போலிருக்கிறது. காப்பீடு, டயப்பர் என்று மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் கிடாயைப் பற்றி வாயே திறப்பதில்லை.

பிரசவச் செலவை எப்படியும் சமாளித்துவிடலாம். பன்னிரண்டு வாரத்துக்குள் செவிலியரம்மாவிடம் கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி நம்பர் வாங்கியாயிற்று. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 தவணையாக வங்கிக்கு வரும். மீதி 4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். பெட்டகத்தில் நெய்யும் பேரீச்சம்பழமும் இருப்பதால் என் மனைவியைவிட என் தம்பிதான் ஆவலாகக் காத்திருக்கிறான்.

அடுத்தது சேமிப்பு. பெண் பிறந்தால் தபால் ஆபீசில் செல்வமகள் கணக்கு, 250 ரூபாயில் தொடங்கலாம். பையன் என்றால் பொன்மகன். ஸ்கேனில் பார்த்து எதுவென்று சொல்லக்கூடாது என 1994-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டம் அப்பத்தாவைக் கட்டுப்படுத்தாது. வயிற்றைப் பார்த்துப் போன வாரம் பெண் என்றார், இந்த வாரம் பையன் என்கிறார். இரண்டு படிவமும் பீரோவில் தயாராக இருக்கின்றன.

பிள்ளைக்கென்று தனியாக என்ன செலவு? தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். தொட்டிலுக்கு அம்மாவின் பழைய நூல்சேலை. செலவெல்லாம் பிள்ளையைப் பார்க்க வருகிறவர்களுக்குத்தான். குலதெய்வம் அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பு என்பதால் மொட்டை, காதுகுத்து, கிடாவெட்டு மூன்றும் உண்டு. வேன், பந்தல், சமையல் மாஸ்டர், ஃப்ளெக்ஸ்! பல்லே முளைக்காத பிள்ளையின் பேரில் ஊரே கறிச்சோறு தின்னப் போகிறது.

தோடும் சீரும் தாய்மாமன் பொறுப்பு. தங்கம் விற்கிற விலையில் மச்சினனிடம் மெதுவாகப் பேச்செடுத்தேன். "அழகரே தங்கச்சி கல்யாணத்துக்கு லேட்டாத்தான மாமா வந்தாரு" என்றான். அழகர் லேட்டாக வந்தாலும் கூடவே உண்டியல் வண்டிகள் வரும். இவன் பஸ்சுக்கே என்னிடம் ஜிபே கேட்பவன்.

அப்பத்தா மட்டும் கலங்கவில்லை, மொய் நோட்டை எடுத்து வைத்திருக்கிறார். எந்த வீட்டுக் காதுகுத்துக்கு எவ்வளவு செய்தோம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நோட்டில் ஏறாத ஐந்நூறும் அவருக்கு மனப்பாடம். வாங்கவில்லை என்பவர்கள் பதினெட்டாம்படிக் கதவு முன்னால் வந்து சத்தியம் செய்யட்டும் என்கிறார். கோர்ட்டுக்குப் பயப்படாதவர்களும் எங்கள் பக்கம் அந்தக் கதவுக்குப் பயப்படுவார்கள்.

"மொய் வந்தா எல்லாம் நேராப் போயிரும்டா."

"வர்ற மொய்யை யாரு அப்பத்தா திருப்பிச் செய்யிறது?"

"அப்புறம் எதுக்குடா பிள்ளை பெக்குற?"